மைனஸ் 256

விலக்க வர்க்கச் சராசரி மைனஸில் வராது. விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வகுக்கிறோம். வர்க்கம் எப்படி மைனஸாகும்? பத்தாம் வகுப்பில் கணக்கு போட்ட எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2016-இல் ஒரு ஆராய்ச்சி மாணவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கு நான் எழுதிய தொகுப்பு அவருடைய தரவுக்குத் திட்டவிலக்கமே தரவில்லை, 'நாட் எ நம்பர்' என்று காட்டியது. அலுவலகத்தில் அதைச் சுருக்கி 'நான்' என்போம். "சார், நான் ஏதாவது தப்பு பண்றேனா?" என்று முடித்திருந்தார். அவருடைய தரவை என் கணினியில் ஓட்டி, வர்க்கமூலம் எடுப்பதற்கு முந்தைய எண்ணைப் பார்த்தேன். மைனஸ் 256. தப்பு செய்த 'நான்' யார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தத் தொகுப்பை எழுதியது 2014-இல். வீடு வீடாகப் போய் கணக்கெடுக்கும் ஒரு நிறுவனத்தில் புள்ளியியலாளராக இருந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறை உண்டு, அதாவது அந்த ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண். மாவட்டவாரியாக, வருமானவாரியாகப் பிரித்து நிறையிட்ட சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் போட வேண்டும். இருந்த வழிகள் எங்கள் தரவின் அளவுக்கு மெதுவாக ஓடின. கணக்கிடும் பகுதியை சி மொழியில் எழுதி, மேலே ஆர் மொழியில் ஒரு உறை போட்டேன். மூன்று மாத மாலைகள். பிறகு அதை கிரானில் ஏற்றினேன். கிரான் என்பது ஆர் தொகுப்புகளின் பொதுக் கிடங்கு. 1997-இல் வியன்னாவில் தொடங்கியது, இன்று அதில் 20,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன. மேலாளரிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்லது, டைம்ஷீட்ல எந்த ப்ராஜெக்ட்ல போடப்போறீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மாணவரின் தரவு சாதாரணமானதுதான். வயலில் நட்டிருந்த ஈரப்பதக் கருவிகள் ஒரே கட்டளைக்குச் சில நொடிகள் முன்பின்னாகப் பதில் அனுப்புகின்றன. அந்த நேரங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று அவர் பார்க்க விரும்பினார். நேரத்தைக் கணினி 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த நொடிகளாக வைத்திருக்கும். 2016-இல் அது ஏறத்தாழ 147 கோடி. நான் பயன்படுத்தியதோ பள்ளிச் சூத்திரம்: வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழி. தாளில் அது நூற்றுக்கு நூறு சரி. தரவை ஒரே ஒருமுறை படித்தால் போதும் என்பதால் வேகமும் அதிகம். ஆனால் 147 கோடியை வர்க்கப்படுத்தினால் 19 இலக்க எண் வரும். கணினியின் வழக்கமான தசம எண்ணில் 15, 16 இலக்கங்கள்தான் நம்பகமாக நிற்கும். அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 256 இடைவெளி. மாணவருக்கு வேண்டிய விடை நூறு சொச்சம். லாரி எடைமேடையில் லாரியையும் அதன்மேல் மிளகாய்ப் பையையும் நிறுத்தி, பையின் எடையைக் கிராமில் கேட்பது மாதிரி. விடை பூஜ்யமாக வரலாம், 256-ஆக வரலாம், மைனஸ் 256-ஆகவும் வரலாம்.

இதற்கு மருந்து பழையது. முதலில் சராசரியைக் கண்டுபிடி, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழி, பிறகு வர்க்கப்படுத்து. ஒரே நடையில் முடிக்க வேண்டுமென்றால் வெல்ஃபோர்ட் என்பவர் 1962-இலேயே வழி எழுதி வைத்திருக்கிறார். திருத்தம் பத்து வரிகூட இல்லை. இரவு பதினொன்றுக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தூக்கம் போனது.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், இந்த மாதிரி நிரல்களைச் சோதிக்கவென்றே சில தரவுத் தொகுதிகளை வைத்திருக்கிறது. அதில் ஒன்றில் 1001 எண்கள்: முதலில் 10000000.2, பிறகு .1-இலும் .3-இலும் முடியும் அதே அளவு எண்கள் மாறி மாறி. திட்டவிலக்கம் சரியாக 0.1. என் பழைய நிரல் அதில் அப்பட்டமாகத் தோற்றது. தொகுப்பை வெளியிடும் முன் அரை மணி நேரம் செலவழித்து இதை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் ஓட்டவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கெடுப்பில் வரும் எண்கள் சிறியவை, விடைகள் எல்லாம் பொருந்தின, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

'நான்' என்று விடை வந்தவர் அதிர்ஷ்டசாலி. அவருக்குச் சந்தேகம் வந்தது, எழுதினார். என்னை அரித்தது மற்றவர்கள்தான். 140 வர வேண்டிய இடத்தில் 256 வந்தவர் எதைக் கண்டு சந்தேகப்படுவார்? மற்ற மென்பொருள் பழுதானால் திரை உறையும், பொத்தான் வேலை செய்யாது, வாடிக்கையாளர் கத்துவார். புள்ளியியல் மென்பொருள் பழுதானாலும் ஓர் எண்ணை மரியாதையாக நீட்டும். அந்த எண் அட்டவணையில் ஏறி, அட்டவணை ஆய்வேட்டில் ஏறி, யாரோ ஒருவர் பட்டமும் வாங்கியிருப்பார். எத்தனை முறை இறக்கினார்கள் என்ற கணக்கு எனக்குக் கிடைக்கும். யார், எதற்கு என்பது கிடைக்காது.

மாற்றக் குறிப்பில் "எண்ணியல் துல்லியம் மேம்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் இல்லை; ஆனால் வீடு எரிந்ததைக் காற்றோட்டம் மேம்பட்டது என்று சொல்வது போல. அழித்துவிட்டு, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புவரை, எந்த மாதிரித் தரவில் விடை தவறாக வந்திருக்கும், எப்படிச் சரிபார்ப்பது என்று நேராக எழுதினேன். என் தொகுப்பை நம்பி இன்னும் மூன்று தொகுப்புகள் இயங்கின. அவற்றின் பராமரிப்பாளர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் போட்டேன். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர், தன் தொகுப்பின் சோதனைகள் இனி தோற்கும் என்று கோபப்பட்டார். அந்தச் சோதனைகளில் "சரியான விடை" என்று அவர் பதித்து வைத்திருந்தது என் தவறான விடையை.

எழுதுவதற்கு மூன்று மாதம், காப்பாற்றுவதற்குப் பத்து வருடத்துக்கு மேல். 2019-இல் ஆர் 3.6.0 வந்தபோது சமவாய்ப்பு மாதிரி எடுக்கும் முறையைத் திருத்தினார்கள். ஒரே விதை எண் (சமவாய்ப்புத் தேர்வைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்தாலும் பழைய மாதிரிக்குப் பதில் வேறொரு மாதிரி வரத் தொடங்கியது, என் சோதனைகளில் பாதி சிவப்பானது. ஆப்பிளின் எம்1 சில்லு வந்தபோது இன்னொன்று: இன்டெல்லில் கிடைத்துக்கொண்டிருந்த கூடுதல் நீளத் தசம எண் அதில் இல்லை. பதினைந்தாவது இலக்கத்தில் விடை நகர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யவும், இல்லையென்றால் தொகுப்பு கிடங்கிலிருந்து எடுக்கப்படும் என்று கடிதம். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு. வீட்டில் எல்லோரும் முறுக்கு பிழிய, நான் சோதனைகளில் "சமமா?" என்றிருந்த இடத்தையெல்லாம் "கிட்டத்தட்ட சமமா?" என்று மாற்றிக்கொண்டிருந்தேன். கடிதம் நியாயமானது. பதினைந்தாவது இலக்கம்வரை சமமாக இருக்க வேண்டும் என்று எழுதியது என் முட்டாள்தனம்.

இன்னொரு முட்டாள்தனம், பராமரிப்பாளர் முகவரியாக அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்தது. 2018-இல் வேலை மாறினேன். பழைய முகவரி செத்தது. பராமரிப்பாளரைத் தொடர்புகொள்ள முடியாத தொகுப்பைக் கிடங்கு வைத்திருக்காது. தற்செயலாக ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். யாராவது முதல் தொகுப்பு போடப்போவதாகச் சொன்னால், சோதனை எழுது என்பதற்கு முன் நான் சொல்வது: சொந்த மின்னஞ்சலைக் கொடு.

வந்த புகார்களில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. 1 முதல் 10 வரையிலான எண்களுக்கு முதல் கால்மானம் (கால்வாசி எண்கள் அதற்குக் கீழே இருக்கும் இடம்) உங்கள் தொகுப்பில் 3.25 என்று வருகிறது, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் 2.75, உங்களுடையது பிழை, உடனே திருத்தவும் என்று ஒரு பேராசிரியர் எழுதினார். நம் பள்ளிப் பாடநூல்படி, எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி நான்கால் வகுத்தால் 2.75 ஆவது இடம், விடை 2.75. அவர் பக்கம் பாடநூலும் இருந்தது. ஆனால் கால்மானத்துக்கு ஒரே வரையறை கிடையாது. ஹைண்ட்மன், ஃபேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1996-இல் ஒன்பது முறைகளைத் தொகுத்து எழுதினார்கள். ஒன்பதும் ஆர் மொழியில் இருக்கின்றன. இயல்பாக ஏழாவது முறை ஓடும், எஸ்பிஎஸ்எஸ் ஆறாவது. இரண்டாவது முறையில் போட்டால் 3. மூன்று விடையும் சரி. இதை விளக்கி நீளமாக எழுதினேன். "எது உண்மையான விடை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. அதற்குமேல் நான் எழுதவில்லை; ஆனால் முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதியை அடுத்த பதிப்பில் சேர்த்தேன்.

போன வருடம் பராமரிப்பை ஓர் இளம் சக ஊழியரிடம் ஒப்படைத்தேன். அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல் பழைய பராமரிப்பாளரின் முகவரியிலிருந்தே போக வேண்டும் என்றார்கள் கிடங்கில். நல்லவேளை, இந்த முறை முகவரி உயிரோடு இருந்தது. அவள் முதல் வாரத்திலேயே கேட்டாள்: "அண்ணா, அந்தப் பழைய தப்பான பதிப்பு ஆர்க்கைவ்ல அப்படியே இருக்கே, எடுக்கச் சொல்லிடலாமா?"

எடுக்க மாட்டார்கள்; எடுக்கவும் கூடாது. 2015-இல் யாரோ ஒருவர் அதை வைத்து ஓர் அட்டவணை போட்டிருந்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அந்தப் பதிப்பு வேண்டும். அவளை உட்காரவைத்து, ஆர்க்கைவிலிருந்து அதை இறக்கி, மாணவரின் பழைய கோப்பைக் கொடுத்து ஓட்டினோம். கணினி புதிது, ஆர் புதிது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

மைனஸ் 256.