தயிரில் தர்ப்பை

2019 டிசம்பர் 26. ஊட்டியில் கங்கண சூரிய கிரகணம். அம்மா விடியும் முன்பே தண்ணீர்க் குடத்திலும் தயிரிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டார். நான் கிரகணக் கண்ணாடியோடு மொட்டைமாடியில். ஒன்பதரை வாக்கில் சூரியன் வளையலாக நின்றது. கீழே வந்து காபி கேட்டேன். "பதினொண்ணுக்கு மேலதான்டா விடும், பஞ்சாங்கத்துல பாரு" என்றார். செய்தியிலும் அதே நேரம்தான்!

பஞ்சாங்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே தள்ளாகத் தள்ளுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நிலா எங்கே போகும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. பழைய வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டது வாக்கியப் பஞ்சாங்கம். வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டது திருக்கணிதப் பஞ்சாங்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் நம் முத்தோரையில் மலைச்சரிவோடு 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியும் 1970 முதல் அதே நிலாவைத்தான் நம்பியிருந்தது. ரேடியோ அலை வீசும் தொலைதூர வான்பொருள்களை நிலா மறைக்கும் நொடியை வைத்துத்தான் அவற்றின் இடத்தையும் அளவையும் கணித்தார்கள்.

அதற்காகத் தர்ப்பை தயிரைக் காக்கும் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். போடாத பால் பாத்திரம் ஒன்றை ஒளித்துவைத்திருந்தேன், திரியவே இல்லை. (ஊட்டிக் குளிரில் எந்தப் பால் திரியும், அது வேறு கதை.) சோதிக்க முடிந்ததைச் சோதித்துவிட வேண்டியதுதான். ஆனால் அம்மா கண்மூடி முருகா என்பதை எந்தக் கருவியால் அளப்பது? பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய இயற்பியலாளர் லெமெத்ர் ஒரு பாதிரியார். அவரும் அறிவியல், பக்தி இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

சரி, அன்று தலைக்குக் குளித்த பிறகுதான் காபி கிடைத்தது. பச்சைத் தண்ணீர்க் குளியல்.