சிவப்பு மைனஸ், கறுப்பு பிளஸ்

பெருக்கினால் −6, கூட்டினால் −1 வரும் இரண்டு எண்கள் எவை? பத்தாம் வகுப்பில் காரணிப்படுத்தல் நடக்கும்போது இந்த இடத்தில்தான் பாதி வகுப்பு நின்றுவிடும். −3, 2 என்பதற்குப் பதிலாக 3, −2 என்று எழுதுவார்கள். x² − x − 6 = 0 என்ற சமன்பாட்டின் தன்மைகாட்டியில் (b² − 4ac) 1 − 4 × 1 × (−6) வரும். அதை 1 − 24 என்று போட்டு, விடை −23, ஆகவே மெய் மூலங்கள் இல்லை என்று முடித்துவிடுவார்கள். சரியான விடை 25. இருபடிச் சமன்பாட்டை மறுபடி நடத்துவதால் இது சரியாகாது. ஓட்டை ஆறாம், ஏழாம் வகுப்பு முழுக்களில் (மைனஸ் எண்களும் சேர்ந்த முழு எண்களில்) இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் அவமானமாக நினைக்கும். விளையாட்டு என்றால் அந்தக் கூச்சம் வராது.

முழுக்களுக்குச் சீட்டுக்கட்டை விஞ்சிய கருவி இல்லை. ஜாக்கி, ராணி, ராஜா, ஜோக்கர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மீதி 40 சீட்டு. ஏஸ் என்றால் 1. கறுப்பு பிளஸ், சிவப்பு மைனஸ். (பள்ளிக்குள் சீட்டுக்கட்டா என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தால், சார்ட் அட்டையை வெட்டி இரண்டு நிற ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக்கொள்ளுங்கள்; நிறத்துக்கு இரண்டு முறை 1 முதல் 10 வரை.)

ஒரு குழுவுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 8 சீட்டு. ஒவ்வொருவரும் தன் கையில் உள்ளதைக் கூட்டித் தாளில் எழுத வேண்டும். பிறகு ஐந்து விடைகளையும் கூட்ட வேண்டும். கறுப்பு மொத்தம் 110, சிவப்பு மொத்தம் −110. ஆகவே விடை 0 வந்தே தீரும். வராவிட்டால் ஐந்து பேரில் யாரோ தவறியிருக்கிறார். யார் என்று அவர்களே தேடுவார்கள். 40 பேர் வகுப்பில் எட்டுக் குழுவையும் ஆசிரியர் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எப்படிக் கூட்டுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். கறுப்பில் 7, 4, 2, 10. சிவப்பில் 9, 5, 5, 3 என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டுபவர் நடுவில் குறியைத் தவறவிடுவார். கறுப்பைத் தனியாக 23, சிவப்பைத் தனியாக 22 என்று கூட்டுபவர் +1 என்று சட்டென்று சொல்லிவிடுவார். இந்த வழியை நீங்களாகச் சொல்லித்தராதீர்கள். இரண்டாவது ஆட்டத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மற்றவர்களும் மாறிவிடுவார்கள்.

அடுத்தது கழித்தல். அதே +1 கையிலிருந்து சிவப்பு 9-ஐ உருவி எடுங்கள். இப்போது கையில் எவ்வளவு? +10. 1 − (−9) = 10 என்பது அங்கேயே கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கு எதிரான தவறும் உண்டு. 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று மனப்பாடம் செய்தவர்கள் −5 − 3-க்கு 8 என்று எழுதுவார்கள். சிவப்பு 5, சிவப்பு 3 இரண்டையும் கையில் கொடுத்து, 'இது பிளஸ் எட்டா?' என்று கேட்டால் போதும். அந்த வாய்ப்பாடு பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு சீட்டை யாருக்கும் தெரியாமல் ஒளித்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். மொத்தம் +6 வந்தால் காணாமல் போனது சிவப்பு 6. ஆர்ட்டினா டைமண்டா என்று மட்டும் கணக்கால் சொல்ல முடியாது.

பின்னத்துக்கு நான்கு மீட்டருக்குச் சற்று நீளமான நைலான் கயிறும் ஒரு டஜன் துணி கிளிப்பும் வேண்டும். நடுவில் 0, ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் எண், −2 முதல் 2 வரை. −3/2, −2/3, −1/2, 0.3, 1/3, 3/8, 3/4, 75%, 7/5, √2 என்று சீட்டுகளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்தால் அளவு எல்லாம் கெடும். கட்ட இடமில்லை என்றால் கரும்பலகையில் கோடு போட்டுக்கொள்ளலாம், ஆனால் சீட்டை நகர்த்தி நகர்த்திச் சண்டை போடும் வசதி போய்விடும்.

1/3-உம் 0.3-உம் ஒன்று என்று ஒரே இடத்தில் மாட்டுவார்கள். ஸ்கேலை வைத்தால் 3.3 செ.மீ. இடைவெளி வரும். 7/5-க்கும் √2-க்கும் இடையே ஒன்றரை செ.மீ. கூட இல்லை, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட வேண்டியதுதான். அதிகம் பேர் சறுக்குவது −2/3-இல்: 1/2-ஐ விட 2/3 பெரியது, அதனால் −2/3-உம் பெரியது என்று −1/2-க்கு வலப்பக்கம் மாட்டிவிடுவார்கள். பூச்சியத்தில் கயிற்றை மடித்துப் பிடித்தால் −2/3 எங்கே இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பழைய வியாதிக்கும் இதே கயிறு மருந்து. 2/5-ஐ மாட்டச் சொல்லுங்கள், 40 செ.மீ.-இல் வரும். 1/2 இருப்பது 50-இல். கூட்டியபின் குறைந்துவிட்டதே என்று அவர்களே கேட்ட பிறகு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கலாம்.

செயல்வரிசைக்கு (கூட்டல், பெருக்கல் முதலியவற்றில் எதை முதலில் செய்வது என்பதற்கு) நான்கு 4-களை வைத்து 1 முதல் 10 வரை உருவாக்கும் பழைய புதிர் போதும். (4 + 4) ÷ 4 + 4 என்றால் 6, (44 − 4) ÷ 4 என்றால் 10. 5 வரவேண்டிய இடத்தில் 4 × 4 + 4 ÷ 4 என்று எழுதுவார்கள், அது 17. அடைப்புக்குறி எதற்கு என்று விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சதவீதத்துக்கு ஆடித் தள்ளுபடி: 1000 ரூபாய்ச் சேலைக்கு 20% கழித்து, அதன்மேல் இன்னொரு 10% என்றால் விலை 700 அல்ல, 720.

எதையும் வேகப்போட்டியாக்காதீர்கள். முதலில் சொல்பவருக்குப் பரிசு என்றால் வழக்கமான மூன்று பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். தாளில் எழுதும் வேலையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறொருவரிடம் கொடுங்கள். 45 நிமிடப் பீரியடில் ஆட்டம் 15 நிமிடம் போதும். மீதி நேரத்தில் அன்றைய பாடக் கணக்கையே எடுத்து, மைனஸ் எண்களை மட்டும் சிவப்புச் சாக்பீஸில் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து வெள்ளைக்கு மாறிவிடலாம்.