பதக்கத்தின் விளிம்பில் இருந்த எண்

அப்பா காலமான மூன்றாம் மாதம், குடும்ப ஓய்வூதியம் கேட்டு வங்கிக்குச் சென்றபோதுதான், ராணுவ ஆவணங்களில் அம்மாவின் பெயர் வேறாக இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. பிறந்த வீட்டில் அம்மாவை அழைத்த பெயரையே அப்பா 1971இல் எழுதிக் கொடுத்திருந்தார். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் இருந்ததோ பள்ளியில் சேர்த்தபோது வைத்த பெயர். அலகாபாத்திலிருந்து வந்த பி.பி.ஓ.வில், அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணையில், பெயரைத் திருத்திக்கொண்டு வரும்படி கூறி அனுப்பிவிட்டார்கள்.

வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், அப்பாவைப் போலவே படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வழிகாட்டினார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம், இறப்புச் சான்று, ஆதார் நகல், அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, அப்பா பணியாற்றிய ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸின் பெங்களூர் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் ராணுவ எண் பிழையில்லாமல் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த பி.பி.ஓ. நகல் மடிப்பில் கிழிந்து கடைசி இரண்டு இலக்கங்கள் போயிருந்தன. படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்தையோ ட்ரங்குப் பெட்டியில் இறங்கிய மழைநீர் கரைத்திருந்தது.

"மெடலை எடுத்துட்டு வாங்க தம்பி, ஓரத்துல வெட்டியிருப்பாங்க" என்றார் அவர். 1971 போருக்காக வழங்கப்பட்டு, அப்பா பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்த சங்கிராம் மெடலைத் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். அதன் விளிம்பைச் சுற்றி எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. சிறுவயதில் எத்தனையோ முறை அதைக் கையில் வைத்து விளையாடியிருந்தும், அந்த எழுத்துகளை நான் ஒருநாளும் படித்ததில்லை.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் உள்பக்கங்கள் நனையாமல் தப்பியிருந்தன. நடத்தை 'எக்ஸெம்ப்ளரி' (முன்மாதிரியானது) என்ற குறிப்பும், மேற்கு முனையில் பணியாற்றியோருக்கு வழங்கப்பட்ட பச்சிமி ஸ்டாரும், 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் என்ற பெயரும் அவற்றில் இருந்தன. பாகிஸ்தானின் ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து நம் டாங்கிகள் செல்வதற்காக, 1971 டிசம்பர் 15ஆம் தேதி இரவு கண்ணிவெடிப் பரப்பில் பாதை திறந்த மதராஸ் சாப்பர்ஸ் பிரிவு அது. அந்தப் பணி முழுதாக முடியும் முன்பே மறுநாள் அதிகாலையில் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் கடந்து சென்றன. பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பால் போரிட்டு வீழ்ந்தது அந்த 16ஆம் தேதிதான்.

அப்பா இவற்றில் ஒன்றையும் எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் தோட்டத்தில் கன்று நடுவதற்கு முன் மண்டியிட்டு, இரும்புக் கம்பியைச் செங்குத்தாக இறக்காமல் சாய்வாகவே செலுத்தி, மெல்ல மெல்ல மண்ணைத் துழாவுவார். கல் இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். கண்ணிவெடியை மேலிருந்து அழுத்திவிடாமல் பக்கவாட்டில் தொட்டறிவதற்குப் பழகிய கை அது என்பதை, அவர் இல்லாத பிறகு ஒரு படிவத்தை நிரப்பும்போது புரிந்துகொண்டேன்.

விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. உறுதிமொழிப் பத்திரத்தில் அப்பாவின் எண்ணைக் குறிப்பிடாதது எங்கள் தவறு. மறுபடி அனுப்பி ஐந்து மாதம் கழித்துத் திருத்திய பி.பி.ஓ. வந்தது, நிலுவைத் தொகையும் சேர்ந்தே வந்தது. அதில் இருந்த தன் பெயரை அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கல்யாணமாகி இருபதாம் நாள் தந்தி வந்துச்சு. உன் பேரை எழுதிக் கொடுத்துட்டேன், இனி உனக்குக் கவலையில்லைன்னு அங்க போய்க் கடுதாசி போட்டாரு" என்றார். அந்தக் கடிதம் எங்கே என்று கேட்டேன். அதுவும் அந்த ட்ரங்குப் பெட்டியில்தான் இருந்ததாம்.