நடுக்குளத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் பாக்கி

மாமா பாலித் தீவுக்குப் போய்வந்து மூன்று வாரம் ஆகியும் போட்டோ காட்டி முடியவில்லை. சென்னையிலிருந்து வந்து இறங்கி, காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் போனை நீட்டிவிட்டார்.

"இதைப் பாருடா. பிராத்தான் ஏரி. ஏரிக்குள்ள கோயில். பதினோரு அடுக்குக் கூரை. 1633ல கட்டினது. சுத்தித் தண்ணி, பின்னாடி மலை, மேல மேகம். நம்ம ஊர்ல இப்பிடி ஒண்ணு உண்டா?"

கூடவே சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஐம்பதாயிரம் ரூப்பியா நோட்டையும் எடுத்து வைத்தார். அதில் அந்தக் கோயில் படம் இருந்தது. ஐம்பதாயிரம் என்றதும் என் மகள் வாயைப் பிளந்தாள். நம் காசுக்கு முந்நூறு ரூபாய்கூட வராது என்று அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

உலகத்தில் எந்த ஊர்க்காரனிடம் வேண்டுமானாலும் "உங்க ஊர்ல உண்டா" என்று கேட்கலாம். மதுரைக்காரனிடம் கேட்கக் கூடாது. அதிலும் மாமா இதே அனுப்பானடியில் டவுசரோடு சுற்றியவர். சென்னையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியதில் தெப்பக்குளமே மறந்துபோச்சு.

"மாமா, பத்து நிமிஷம் நடந்தா மாரியம்மன் தெப்பக்குளம். நடுவுல மைய மண்டபம், உள்ள பிள்ளையார். 1645ல திருமலை நாயக்கர் வெட்டினது. உங்க பாலிக்கு நாங்க பன்னெண்டே வருஷம்தான் லேட்டு."

"அது குளம்டா. நான் சொல்றது ஏரி."

"ஆயிரம் அடி நீளம், தொள்ளாயிரத்தி ஐம்பது அடி அகலம். நீங்க குளிச்சு ஏறுற குளமா அது?"

"நான் பார்த்தவரைக்கும் அதுல தண்ணியே கிடையாதேடா. கிரிக்கெட்டுல்ல ஆடிக்கிட்டு இருந்தீங்க?"

அதை மறுக்க முடியாது. எங்கள் காலத்தில் தெப்பக்குளம் என்பது மதுரையிலேயே பெரிய மைதானம். ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் ஏழெட்டு மேட்ச் நடக்கும். நம் ஸ்டம்புக்குப் பின்னால் வேறு டீமின் மிட் ஆன் நிற்பான். படிக்கட்டில் பட்டால் நாலு. மண்டபத்துக்குள் அடித்தால் அவுட். காரணம், உள்ளே போன பந்தை எடுக்கக் காவலுக்கு இருந்த பெரியவரிடம் யாராவது திட்டு வாங்க வேண்டும். தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் தெப்பம் ஏற வரும்போது, தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பம் தரையிலேயே நிற்கும். நிலைத்தெப்பம் என்று அதற்கு மரியாதையாக ஒரு பேரும் வைத்திருந்தார்கள்.

அதுவரை மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார். "தெப்பக்குளத்துக்கா போறீக? அப்ப நானும் வாரேன். எனக்கு அங்க ஒரு தேங்காய் பாக்கி."

எனக்கு வயிறு கலங்கியது. இந்தத் தேங்காய்க் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை எழுதிய அன்றைக்கு, அம்மா நடுக்குளத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். நாற்பத்தொரு மார்க் வாங்கி நானும் தேறிவிட்டேன். பிள்ளையார் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார். அம்மாதான், "அது எங்க போகப் போகுது, நடந்தா போயிரலாம்" என்று நாளைத் தள்ளினார். இந்த வாரம் கல்யாணம், அடுத்த வாரம் காதுகுத்து, அப்புறம் மழை, அப்புறம் முழங்கால் வலி. சில வருஷங்களுக்கு முன்னால் பனையூர் கால்வாயைச் சீர்செய்து வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து குளத்தை நிரப்பினார்கள். ஊரே கரையில் நின்று கைதட்டியது. அம்மா மட்டும் பிளாஸ்டிக் பையில் தேங்காயோடு நின்று, "ஆத்தி, இப்ப எப்பிடிப் போறது?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அந்தத் தேங்காய்தான் காரணம். வண்டி பஞ்சரானால் தேங்காய். சிலிண்டர் வர லேட்டானால் தேங்காய். என் கல்யாணத்துக்கு ஜாதகம் ஒன்பது தடவை தட்டிப்போனதையும் பின்தேதியிட்டு அதே கணக்கில் சேர்த்துவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினோம். மாமா நடக்கமாட்டேன் என்று போனில் ஆட்டோ போட்டு அத்தையோடு முன்னால் போனார். நானும் அம்மாவும் மகளும் நடந்தே போய்ச் சேர்ந்து கால் மணி நேரமாயிற்று. அவர்களைக் காணோம். போன் வந்தது.

"டேய், இங்க தண்ணி இருக்கு, கரை இருக்கு, வாக்கிங் போறவங்க இருக்காங்க. நடுவுல மண்டபத்தைக் காணோமேடா. யாரு தூக்கிட்டுப் போனா?"

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் என்ற முழுப் பெயரில் முதல் சொல்லை மட்டும் அடித்திருக்கிறார். ஆட்டோ நேராக வண்டியூர் கண்மாயில் இறக்கிவிட்டது. கண்மாய் ஆற்றுக்கு வடக்கே, தெப்பக்குளம் தெற்கே, நடுவில் வைகை. "மண்டபம் ஏதாச்சும் கண்ணுல பட்டா இறங்கிராதீங்க மாமா" என்று எச்சரித்தேன். ஏனென்றால் வைகை ஆற்றுக்குள்ளேயே ஒரு மைய மண்டபம் இருக்கிறது, அழகர் வந்து மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிற தேனூர் மண்டபம் வண்டியூர்ப் பக்கம் இருக்கிறது. தண்ணீருக்குள் மண்டபம் கட்டுவதை மதுரையில் ஒரு பழக்கமாகவே வைத்திருந்திருக்கிறார்கள்.

அவர்கள் வருவதற்குள் அம்மா கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து பேத்திக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாயக்கர் மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் இது. தோண்டும்போது பூமிக்குள்ளிருந்து கிடைத்தவர்தான் இப்போது மீனாட்சி கோயிலில் இருக்கிற முக்குறுணி விநாயகர். ஒரு குறுணி ஆறு படி, முக்குறுணி பதினெட்டுப் படி. சதுர்த்திக்கு அத்தனை அரிசியிலும் ஒரே கொழுக்கட்டை.

"அப்ப அந்தப் பிள்ளையாருக்குப் பதினெட்டுப் படி, இந்தப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்கூடவா அப்பத்தா இல்ல?" என்றாள் மகள்.

அம்மா என்னை முறைத்தார். நான் சொல்லிக்கொடுத்துக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். சத்தியமாக இல்லை.

மாமாவும் அத்தையும் ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். படியருகே நின்று பார்த்த மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வெயில் சாய்ந்திருந்தது. நாலு பக்கமும் படிப்படியாகக் கல் இறங்கிப்போக, நடுவில் மரங்களுக்குள்ளிருந்து மண்டபத்தின் கோபுரம் எட்டிப் பார்த்தது. தலைகீழாக இன்னொரு கோபுரம் தண்ணீரில் ஆடியது.

"பரவால்லடா" என்றார். மாமா வாயிலிருந்து அது பத்மஸ்ரீ மாதிரி.

படகுக்கு டிக்கெட் வாங்கி, ஆளுக்கொரு ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டோம். அம்மா புடவைக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு நின்றபோது சற்றுப் பருமனாகத் தெரிந்தார். முழங்கால் வலிக்கு அத்தனை வேகமாகப் படகில் ஏறியதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பாதி தூரம் போனதும் காரணம் புரிந்தது. மிதவைச் சட்டைக்குள்ளிருந்து குடுமியோடு ஒரு தேங்காய் வெளியே வந்தது.

"தம்பி, மண்டபத்துப் படியில ஒரு நிமிஷம் நிறுத்துப்பா. ஒரே உடை. ஓடி வந்துருவேன்."

"இறங்க விடுறதில்லம்மா. சுத்திட்டுத் திரும்பிரணும்."

"நான் என்ன சுத்திப் பார்க்கவா வந்தேன்? கடன்பா. இருபத்தஞ்சு வருசக் கடன்."

படகோட்டுகிற தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை வருசமா என்னம்மா செஞ்சீங்க? நாங்கள்லாம் சின்னப்பிள்ளையில தினம் ரெண்டு தடவ நடந்து போயிட்டு வருவோமே."

ஊரில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் கேட்டுவிட்டார். மாமா பெரிய மனசு பண்ணி அக்காவைத் தேற்றினார். "விடுக்கா. பாலியிலயும் இப்பிடித்தான். கோயிலுக்குள்ள விடலை, வெளிய நின்னு போட்டோதான் எடுத்தோம்."

"என்ன மதினி, இவரு ஏரி நடுவுல, ஏரி நடுவுலன்னு சொல்றாரு" என்று அத்தை ஆரம்பித்தார். மூன்று வாரமாக அடக்கி வைத்தது. "கரையில இருந்து நாலு எட்டு வைச்சா எட்டிரும் அந்தக் கோபுரம். போட்டோல ஏரி நடுவுல தெரியணும்னு என்னையப் புல்லுல படுத்துல்ல எடுக்கச் சொன்னாரு. குளிருல எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு."

மாமா தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்தச் சந்தடியில் அம்மாவை யாரும் கவனிக்கவில்லை. படகு மண்டபத்துக்குப் பக்கமாக வளைந்தபோது கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், "அப்பனே கணேசா" என்று தேங்காயை ஓங்கிப் படியைப் பார்த்து எறிந்தார்.

பத்தடி போதவில்லை. தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. முங்கிப்போகும் என்று நினைத்தேன். முங்கவில்லை. குடுமி மேலே தெரிய, நிதானமாக மிதந்தது. அது மட்டுமா, படகு கிளப்பிய அலையில் ஆடி ஆடி எங்கள் பின்னாலேயே வந்தது.

"அப்பத்தா, பிள்ளையார் திருப்பி அனுப்பிட்டாரு!"

"யம்மா, குளத்துக்குள்ள எதையும் போடக் கூடாதும்மா" என்று தம்பி படகை மெதுவாக்கினார். நான் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, அத்தை என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, நாலாவது முயற்சியில் குடுமியைப் பிடித்தேன். என் கண்ணாடி உள்ளே போகத் தெரிந்தது. மாமா அதைத் தாவிப் பிடித்ததில் அவருடைய ஐம்பதாயிரம் ரூப்பியா நோட்டு சட்டைப் பையிலிருந்து நழுவித் தண்ணீரில் படிந்தது. அது தேங்காய் மாதிரி இல்லை. சீக்கிரம் முங்கிவிட்டது.

கரைக்கு வந்ததும் எல்லோருக்கும் வேகவைத்த கடலை வாங்கிக் கொடுத்தேன். வழியில் ஒரு தெருமுனைப் பிள்ளையாரைக் காட்டி, "இவருக்கே உடைச்சிரும்மா, ரெண்டு பேரும் ஒருத்தர்தானே" என்றேன்.

"நான் காதர் பாய் கடையில சாமான் வாங்கிட்டு நாடார் கடையில காசு குடுத்தா ஒத்துக்குவாங்களா?" என்றார் அம்மா. மாமாகூட இதற்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

தேங்காய் இப்போது சாமி அலமாரியில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட்டுச் சட்னிக்குக் கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. தைத் தெப்பத்துக்கு மண்டபத்துப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. ஆனால் அம்மாவுக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

நேற்றுக் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"வைகை அணையில இப்ப எத்தனை அடிப்பா?"

"அறுபத்தாறும்மா. மொத்தம் 71. இந்த வருசம் ஊருக்குக் கவலையே இல்லை."

அம்மாவின் முகம் லேசாக வாடியது. அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப தெப்பக்குளம் வத்துறதுக்கு எப்பிடியும் ரெண்டு வருசம் ஆகுமோ?"