குன்னூர், பழைய கணப்பு: கரி எடுக்கும் நாட்கள்

பிப்ரவரி 9

குளிர்காயத் தீ மூட்டும் கணப்பு, செங்கல் முழுக்கப் புகைக்கரி. அதை எடுக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம். இன்னும் வேண்டாம்.

பிப்ரவரி 10

முதலில் சிம்னி. மேலே கரியை வைத்துக்கொண்டு கீழே செங்கல்லைத் துடைத்தால் அடுத்த காற்றிலேயே எல்லாம் திரும்ப இறங்கிவிடும். கணப்பின் வாயைப் பாலிதீனால் மூடி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, கூரையிலிருந்து பிரஷ் விட்டாயிற்று. 3 மில்லிமீட்டர் தடிமன் படிந்தாலே எடுத்துவிட வேண்டும். விட்டால் சிம்னிக்குள்ளேயே தீப்பிடிக்கும். இங்கே அதைவிட அதிகம். சீகை (வாட்டில் மரம்) விறகைப் பச்சையாகவே எரித்திருக்கிறார்கள். வெட்டிப் பிளந்து, கூரைக்கடியில் காற்றாட ஒரு வருடமாவது காயாத விறகு, புகையோடு தார் போன்ற பிசினையும் சேர்த்தே அனுப்பும்.

பிப்ரவரி 11

கணப்பு வாயின் இடது தோள், அதாவது வளைவுக்கு மேலே இடப்பக்கச் செங்கல். அங்கேதான் கருப்பு அடர்த்தி. வலது பக்கம் அவ்வளவு இல்லை. ஏன்?

பிப்ரவரி 12

இன்று முழுவதும் உலர் வேலை. N95 முகக்கவசம். சாதாரண வேக்குவம் நுண்கரியைப் பின்பக்கமாக அறைக்குள் ஊதிவிடும், நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். குழாய் முனை செங்கல்லில் உரசாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். பிறகு வல்கனைஸ் செய்த ரப்பர் ஸ்பாஞ்ச்: மேலிருந்து கீழாக, ஒரே திசையில், ஒற்றை இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் கரி செங்கல்லின் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்பாஞ்ச் கறுத்ததும் கழுவக் கூடாது, பிளேடால் அந்த முகத்தைச் சீவி எறிந்துவிட்டுப் புது முகத்தால் தொடர வேண்டும்.

பாதிக்கு மேல் இதிலேயே வந்துவிட்டது. முதல் நாளே வாளியோடு வந்திருந்தால் இவ்வளவும் சேறாகி உள்ளே இறங்கியிருக்கும்.

பிப்ரவரி 13

மூடுபனி. எதுவும் காயாது.

பிப்ரவரி 15

ஆசிட் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். முடிவது கரி இல்லை, சாந்து. கரி என்பது கார்பன். ஆசிட்டிலும் கரையாது, வினிகரிலும் கரையாது. கரைவது சுண்ணாம்பு. இந்தச் சுவரில் ஆணியால் கீறினால் சந்து, செங்கல்களுக்கு இடையே இருக்கும் சாந்து, பொடியாக உதிர்கிறது: சுண்ணாம்புச் சாந்துதான். மதராஸில் சிமென்ட் செய்யும் முயற்சி தொடங்கியதே 1904-ல். இந்த வீடு அதற்கும் மூத்தது. ஆசிட் சந்தைத் தின்னும், செங்கல்லுக்குள் இருக்கும் இரும்பைக் கிளப்பி மஞ்சள் கறையாக வெளியே கொண்டுவரும். அந்த மஞ்சள் கரியைவிடப் பிடிவாதமானது. ப்ளீச்சும் கரியை எடுக்காது. அதோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு. கம்பி பிரஷ்ஷும் கூடாது. சூளையில் வெந்து இறுகிய மேல்தோலைப் பிறாண்டிவிட்டு, ஒடிந்த கம்பித் துணுக்குகளைத் துருப்பிடிக்க விட்டுப்போகும்.

கறையோடு நூறு வருடம் நிற்கலாம். சந்து போனால் நிற்காது. இதை எத்தனை பேரிடம் சொல்வது!

பிப்ரவரி 17

வெயில். மறைவான மூலையில் ஈரப்பஞ்சு வைத்து ஒற்றிப் பார்த்ததில் சிவப்பு ஒட்டவில்லை, அப்படியானால் காவிப் பூச்சு இல்லை. தைரியமாக ஈர வேலை. வெதுவெதுப்பான தண்ணீர் 4 லிட்டர், வாஷிங் சோடா 100 கிராம், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. கையுறை, கண்ணாடி. முதலில் வெறும் தண்ணீரால் செங்கல்லை நனைத்துவிட வேண்டும். தாகம் தீர்ந்த செங்கல் அழுக்கு நீரை உறிஞ்சாது. கரைசல் கீழிருந்து மேலாக, இரண்டடிச் சதுரம் மட்டும். காய்ந்த செங்கல்மேல் அழுக்கு நீர் வழிந்தால் அந்தக் கோடு நிரந்தரம். பத்து நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷ், பிறகு ஸ்பாஞ்சால் நல்ல தண்ணீர் ஒற்றி எடுத்தல். ஹோஸ் பைப் கூடவே கூடாது.

பிப்ரவரி 19

கீழ் வரிசைகளில் வெள்ளை பூத்திருக்கிறது. உப்பு. காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். தண்ணீர் காட்டினால் உள்ளே போய் மறுபடி பூக்கும்.

இடது தோள் அப்படியே.

பிப்ரவரி 20

அதற்கு மட்டும் பற்று. கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை அதே சோடாக் கரைசலில் குழைத்து, வடை தட்டும் பதத்தில், 6 மில்லிமீட்டர் கனம். மேலே பாலிதீன், 24 மணி நேரம். பிறகு திறந்து, தானாகக் காயவிட வேண்டும். காயும்போதுதான் களிமண் உள்ளிருப்பதை இழுக்கும். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தினால் பற்று வெடித்து விழும், கறை அங்கேயே இருக்கும்.

பிப்ரவரி 23

மரச்சட்டத்தால் நெம்பி எடுத்தாயிற்று. பற்றின் உட்பக்கம் பழுப்பு! செங்கல்லின் சிவப்பு தெரிகிறது. சாம்பல் நிழல் ஒன்று மிச்சம். அது இருக்கட்டும், இன்னொரு பற்று வேண்டாம்.

பிப்ரவரி 26

உதிர்ந்த சந்துகளுக்குச் சுண்ணாம்பு 1, மணல் 3. சிமென்ட் ஒரு பிடிகூட வேண்டாம். மேலே ஈரச் சாக்கு.

மார்ச் 2

இடது தோளுக்குக் காரணம் கிடைத்தது. கதவு வலப்பக்கம், திறக்கும்போதெல்லாம் காற்று புகையை இடப்பக்கம் தள்ளுகிறது. ஆனால் புகை வெளியே வருவதே ஏன்? அளந்தால், வாய் அகலம் 90, உயரம் 75 சென்டிமீட்டர், பரப்பு 6750 சதுர சென்டிமீட்டர். சிம்னித் துளை 23க்கு 23, 529. துளை வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும், இது பதின்மூன்றில் ஒன்று. தரையில் சூடு தாங்கும் தீச்செங்கல் இரண்டு அடுக்கு, சாந்து இல்லாமல் பரப்பினால் உயரம் 15 குறையும், வாய் 5400. கிட்டத்தட்டச் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் தீ மூட்டினால் ஒரே குளிர்காலத்தில் தோள் மறுபடி கறுக்கும்.

மார்ச் 3

நகம் பட்டால் சாந்து இன்னும் பதிகிறது. தீ வேண்டாம். சாக்கு நனைக்க வேண்டும்.