பனாமா கால்வாயில் எங்கே நிற்பது?

பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் போகப்போகும் நண்பர், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று கேட்டார்.

விடிவதற்குள் எல்லோரும் முன்தளத்துக்கு ஓடுவார்கள். முதல் லாக்கின் (தண்ணீரை நிரப்பியோ வடித்தோ கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டி) கதவு திறப்பதைப் பார்க்கலாம், சரி. அப்புறம் முன்னால் நிற்பவரின் தொப்பியும் செல்போனும்தான் தெரியும்.

என் ஓட்டு கீழ்த்தளத்துப் பக்கவாட்டு நடைபாதைக்கு. 1914-இல் திறந்த பழைய லாக் தொட்டிகளின் அகலம் 33.5 மீட்டர். அதில் நுழையும் பெரிய கப்பல்களின் அகலம் 32 மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்துக்கு இரண்டடிதான் மிச்சம்! அட்லாண்டிக் பக்கத்துக் கத்தூன் லாக்கில் மூன்று படிகளாகக் கப்பல் 26 மீட்டர் ஏறும்போது, அந்தக் கான்கிரீட் சுவர் கண்ணெதிரே கீழே போய்க்கொண்டே இருக்கும். பம்பு எதுவும் கிடையாது. மேலே இருக்கும் ஏரித் தண்ணீர் தானாக இறங்கித் தொட்டியை நிரப்புகிறது. சுவர்மேல் தண்டவாளத்தில் ஓடும் 'மியூல்' எஞ்சின்கள், கப்பல் இடிக்காமல் கம்பியால் இழுத்துப் பிடித்தபடி கூடவே வரும். இதெல்லாம் மேல்தளத்திலிருந்து பொம்மை மாதிரிதான் தெரியும்.

உங்கள் கப்பல் 2016-இல் திறந்த புதிய லாக் வழியாகப் போகிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கே மியூல் இல்லை, இழுவைப் படகுகள்தான்.

கத்தூன் ஏரியில் நிதானமாகச் சாப்பிடலாம். மலையைப் பிளந்து வெட்டிய குலேப்ரா பகுதிக்கு மட்டும் மேல்தளம். பசிபிக் பக்கம் இறங்குவதாக இருந்தால் மிராஃப்ளோரெஸ் லாக்கில் இடது பக்கம் நில்லுங்கள். பார்வையாளர் மாடம் அங்கேதான், கையசைக்க ஆள் இருக்கும்.