ரூத்தின் வாயால் கதை சொல்ல உட்காருமுன்

வேதாகமத்தின் ரூத் மோவாப் நாட்டுப் பெண். கணவனை இழந்தபின் மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, போவாஸ் என்பவனின் வயலில் கதிர் பொறுக்கி, கடைசியில் அவனையே மணந்தவள். அவள் கதையை அவள் வாயாலேயே சொல்லிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நம் மதுரைச் சபைகளில் நிறையவே இருக்கிறார்கள். பெண்கள் ஐக்கியப் பண்டிகைக்கு ஒரு தனிநடிப்பு, சபை மலருக்கு ஒரு சிறுகதை, கொஞ்சம் துணிந்தால் ஒரு குறுநாவல். பெரும்பாலும் கதை, நகோமியிடம் அவள் சொல்லும் "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்ற இடத்தில் உச்சத்துக்குப் போய், அங்கேயே அழுது முடிந்துவிடுகிறது. ஆனால் ரூத்தின் புத்தகம் நான்கு அதிகாரம், 85 வசனம். அதில் கண்ணீரைவிடத் தானியம்தான் அதிகம். அறுப்பு, பொறுக்குதல், அடித்தல், அளத்தல், தூற்றுதல், சுமத்தல் என்று அவள் கை ஓய்வதே இல்லை. அந்த வேலையைத் தெரிந்துகொண்டு எழுதினால் அவளுடைய குரல் தானாக வரும். தெரியாமல் எழுதினால் ரூத் என்ற பெயரில் நம் பக்கத்து வீட்டுப் பெண்தான் பேசுவாள்.

முதலில் காலமும் வெயிலும். நகோமியும் ரூத்தும் பெத்லகேமுக்கு வருவது வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில். நம் கணக்கில் பங்குனிக் கடைசி, சித்திரை. இங்கே சித்திரைத் திருவிழாவுக்குப் பந்தல் போடும் நேரம் அங்கே அறுவடை. அதனால் மதுரைச் சித்திரை வெயிலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெத்லகேம் வயலில் கொட்டிவிடக் கூடாது. பெத்லகேம் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேல் உள்ள மலைமுகட்டு ஊர். அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் ஏப்ரல் பகலில் 20, 22 டிகிரி, இரவில் 12, 13 டிகிரிதான். களத்தில் படுத்த போவாஸுக்குப் போர்வை ஏன் வேண்டியிருந்தது, நடுராத்திரியில் அவன் ஏன் திடுக்கிட்டு விழித்தான் என்பதெல்லாம் இந்தக் குளிரோடு சேர்த்துப் படித்தால்தான் பிடிபடும். மழையையும் கொண்டுவரக் கூடாது. அங்கே மழை ஐப்பசியில் தொடங்கிப் பங்குனியோடு நின்றுவிடும். கோதுமை அறுப்பில் மழை பெய்தது அதிசயம் என்றுதான் சாமுவேலின் புத்தகம் சொல்கிறது. அறுப்புக் காட்சியில் சோகத்துக்காக ஒரு தூறல் விட்டால் கதை அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

அடுத்தது தானியம். வாற்கோதுமையை நம் ஊரில் பார்லி அரிசியாகத்தான் பார்த்திருப்போம். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கிடைக்கும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைப்போம். அது உமி நீக்கித் தீட்டிய மணி. ரூத் பொறுக்கியது கதிராக இருந்தது. அந்தக் கதிருக்கு நீளமான, விறைப்பான கூர் உண்டு. அது துணியில் ஏறிக்கொள்ளும், கழுத்தடியில் சுணைக்கும், கையைக் கீறும். நன்றாக முற்றிய கதிர் தலை கவிழ்ந்து தொங்கும், கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பிடித்தாலே காம்போடு ஒடியும். அறுப்பவர்கள் இடது கையில் ஒரு பிடி தாளைச் சேர்த்துப் பிடித்து, வலது கை அரிவாளால் அறுக்கிறார்கள். பிடிக்குள் அடங்காததும் ஒடிந்ததும் கீழே விழுகிறது. பின்னால் வரும் பெண்கள் அரியைக் கட்டாகக் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் பின்னால்தான் பொறுக்குகிறவள் வரவேண்டும். இந்த வரிசை முக்கியம். ரூத்தை அறுக்கிறவர்களோடு தோளுக்குத் தோள் நிறுத்தினால் அவள் கூலியாள் ஆகிவிடுவாள். அரிவாளும் நம் பண்ணரிவாள் மாதிரி பளபளக்காது. ரூத் வாழ்ந்த, ராஜாக்களுக்கு முந்தைய நியாயாதிபதிகள் காலத்தில் இரும்பு இன்னும் அரிது. மரப்பிடியில் சிக்கிமுக்கிக் கல் பற்களைப் பதித்த அரிவாள் அப்போதும் புழக்கத்தில் இருந்தது.

வயலோரத்தை முழுக்க அறுக்கக் கூடாது, சிந்தியதைத் திரும்ப எடுக்கக் கூடாது, மறந்துபோன கட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது என்று லேவியராகமமும் உபாகமமும் சொல்கின்றன. ரூத் பரதேசியும் விதவையும். ஆனாலும் "யாருடைய கண்களில் எனக்குத் தயை கிடைக்குமோ" என்று தயங்கித்தான் புறப்படுகிறாள். உரிமை ஏட்டில் இருக்கிறது, வயலில் யார் கையில் இருக்கிறது என்பது வேறு. அவளைத் தொடாதபடி வேலைக்காரருக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்று போவாஸ் சொல்கிறான். வேறு வயலுக்குப் போகாதே என்று நகோமியும் எச்சரிக்கிறாள். தனியாக வந்த அந்நியப் பெண்ணுக்கு அந்த வயலில் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பயத்தைக் கதையில் வைத்தே ஆகவேண்டும். பக்திக் கதையாயிற்றே என்று அதை மறைத்துவிட்டால், போவாஸ் செய்த உதவிக்கும் எடை இல்லாமல் போய்விடும்.

அன்று சாயங்காலம் அவள் கோலால் அடித்து எடுத்தது ஏறக்குறைய ஒரு எப்பா. இன்றைய லிட்டர் படியில் சுமார் 22 படி, எடையில் 13, 14 கிலோ. இது எவ்வளவு பெரிய அளவு என்று வாசகருக்கு உறைக்க வேண்டும். அதற்கு வேதத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்ற உணவு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓமர், பத்து ஓமர் ஒரு எப்பா. அப்படியென்றால் ஒரே நாள் பொறுக்கியது இரண்டு பெண்களுக்கு ஐந்து நாள் சாப்பாடு. சிந்தியதை மட்டும் பொறுக்கினால் இவ்வளவு சேராது. அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே உருவிப் போடும்படி போவாஸ் வேலைக்காரரிடம் சொன்னதால்தான் சேர்ந்தது. நகோமி அதைப் பார்த்த உடனே "இன்று எங்கே பொறுக்கினாய்?" என்று கேட்பது இதனால்தான். குவியலின் உயரத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் வசனம் எழுதுகிறவர்கள் பாராட்டை எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே எழுத வேண்டியது நகோமியின் கண்ணளவு.

தானியம் வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. வாற்கோதுமையின் உமி மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இடித்து, புடைத்து, பிறகுதான் அரைக்க முடியும். நம் எழுத்தாளர்கள் அநேகமாக எல்லாரும் சறுக்கும் இடம் இது. ரூத்தைத் திருகைக்கு முன்னால் உட்காரவைத்து, பிடியைப் பிடித்துச் சுற்றவிடுகிறார்கள். சுழலும் கல் அந்த நாட்டுக்கு வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. இயேசுவின் காலத்துப் பெண்களுக்குத் திருகை கொடுக்கலாம், ரூத்துக்குக் கொடுக்கக் கூடாது. அவளுக்கு இருந்தது கிட்டத்தட்ட நம் அம்மி. சற்றே குழிந்த நீளக் கல், அதன்மேல் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும் மேல்கல். முழங்கால் போட்டு, உடம்பின் பாரத்தைத் தோள் வழியாக இறக்கி அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாவு அரைக்க ஒரு பெண்ணுக்குத் தினம் 2, 3 மணி நேரம் ஆகும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. சிரியாவின் அபு ஹுரைராவில் கிடைத்த, ரூத்துக்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தைய பெண்களின் எலும்புகளில் கால் பெருவிரல், முழங்கால், அடிமுதுகு தேய்ந்திருப்பதற்கு இந்த அரைப்பைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். வீட்டில் அம்மி கிடந்தால் தீட்டிய பார்லியையே ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீர் விடாமல், முழங்காலில் நின்று அரைத்துப் பாருங்கள். மணி கல்லை விட்டு ஓடும். மாவு ஒரே சீராக விழாது, நொய்யும் மாவுமாக விழும். எங்கே வலிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கதையில் ரூத் உறங்கப் போகும்போது அந்த இடங்கள்தான் வலிக்க வேண்டும்.

விடியலைக் காட்டச் சேவல் கூவவிடுவது கைப்பழக்கம். அந்தக் காலத்து யூதேயா மலை வீடுகளில் கோழி வளர்ப்பு வேரூன்றவில்லை. பேதுருவின் கதையில் சேவல் கூவட்டும், ரூத்தின் கதையில் வேண்டாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், சூரியகாந்தி, சப்பாத்திக்கள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, 1492-க்கு முன் அங்கே கிடையாது. காசும் கிடையாது. வெள்ளியைச் சேக்கல் கணக்கில், 11 கிராம் சொச்சமாக, நிறுத்துத்தான் கொடுத்தார்கள். பருத்தி உடை வேண்டாம், கம்பளியும் ஆளிச்செடி நாரால் நெய்த லினனும் போதும். நூல் நூற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்த் தக்களி வட்டுகளைப் பார்த்துவிட்டு வரலாம். காலம் ரூத்துக்குப் பிந்தியது என்றாலும் நூற்கும் முறை அதேதான். மதுரைக்காரர் கை தானாக மல்லிகைச் சரத்துக்குப் போகும், அதையும் தடுத்துவிடுங்கள். தாலியறுப்பும் வெள்ளைச் சேலையும்கூட நம்முடையவை. விதவைக்கென்று ஓர் உடை இருந்ததை ஆதியாகமத்தில் வரும் தாமாரின் கதை சொல்கிறது, நிறத்தைச் சொல்லவில்லை.

பேச்சுக்கு வருவோம். ரூத்துக்கு எபிரெயம் தெரியாது, சைகையால் பேசினாள் என்று எழுதவே கூடாது. 1868-ல் இன்றைய ஜோர்தானின் திபானில் கண்டெடுத்த மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டைப் பார்த்தால், அந்த மொழி எபிரெயத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். மதுரைக்காரர் காதில் நாகர்கோவில் பேச்சு விழுகிற மாதிரி. புரியும், ஆனால் வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடும். வயலில் அவள் ஏன் அளந்து பேசுகிறாள் என்பதற்கு இது ஒன்றே போதும். நகோமியை அவள் "அத்தை" என்று கூப்பிடுவது நம் வாசகருக்கு இயல்பாக இருக்கும். போவாஸை மட்டும் "மாமா" என்று கூப்பிட விடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் முறைமாமன் நினைப்பு வந்து, மூன்றாம் அதிகாரம் முழுக்க வீணாகிவிடும். கடைசிவரை "ஐயா" போதும்.

முதல் அதிகாரத்தில் யாரும் தொடாத ஒரு வசனம் இருக்கிறது. ரூத்தின் பிரபலமான உறுதிமொழிக்கு நகோமி பதிலே சொல்வதில்லை, பேச்சை நிறுத்திக்கொள்கிறாள். பிறகு ஊர்ப் பெண்களிடம், நான் நிறைவாகப் போனேன், வெறுமையாகத் திரும்பினேன் என்கிறாள். அந்த நேரம் ரூத் பக்கத்தில் நிற்கிறாள். அவள் வாயால் கதை சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது. இப்படி எழுதலாம்:

"வெறுங்கையோடு வந்திருக்கிறேன் என்று அத்தை அவர்களிடம் சொன்னார். நான் இரண்டடி பின்னால் நின்றேன். தண்ணீர்த் துருத்தி என் தோளில் இருந்தது. ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு அத்தையைப் பார்த்தாள். இவள் யார் என்று யாரும் கேட்கவில்லை. துருத்தியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அத்தையிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தார்."

மனம் நொறுங்கியது என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். துருத்தி அந்த வேலையைச் செய்துவிடும்.

களத்துக் காட்சிக்குக் காற்று தெரிய வேண்டும். மாடு மிதித்தோ பலகை இழுத்தோ போரடித்ததை, மாலையில் மேற்கேயிருந்து கடற்காற்று எழும்பும்போது கவைக்கோலால் மேலே வீசித் தூற்றுவார்கள். மணி நேரே விழும், தாள் கொஞ்சம் தள்ளி விழும், பதர் பறந்துபோகும். காற்று நின்றால் வேலையும் நிற்கும். அதனால்தான் ராத்திரி வரை இழுக்கிறது. பொலியைத் திருடர் கைக்கு விடக் கூடாது என்பதால் முதலாளியும் அங்கேயே படுக்கிறார். நகோமி சொல்லி இரவில் அங்கே வந்த ரூத்தை அனுப்பும்போது, விடியுமுன் போவாஸ் அவளுடைய போர்வையில் ஆறு அளவு வாற்கோதுமை அளந்து போடுகிறான். எந்த அளவு என்று மூலத்தில் இல்லை. எப்பா என்றால் 130 லிட்டர், 80 கிலோ, யாராலும் தூக்க முடியாது. ஓமர் என்றால் 8 கிலோதான். எப்பாவில் மூன்றில் ஒரு பங்கான சேயா என்று கொண்டால் 44 லிட்டர், 27 கிலோ போல வரும். நம் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். நான் சேயாவையே எடுப்பேன், ஏனென்றால் அவளுக்கு அவன்தான் தூக்கிவிடுகிறான். தலைச்சுமைக்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும் என்பது சுமந்தவர்களுக்குத் தெரியும். இருட்டில், யாரும் பார்க்காமல், இருவரும் ஒரே மூட்டையைப் பிடித்திருக்கும் அந்தக் கணம் போதும். காதல் வசனம் எதுவும் அதற்குமேல் வேண்டியதில்லை.

கடினமான இடம் நான்காம் அதிகாரம். நகோமியின் நிலத்தையும் ரூத்தையும் யார் ஏற்பது என்று தீர்க்க ஊர் வாசலில் மூப்பர் பத்துப் பேர், பெயர் சொல்லப்படாத நெருங்கின உறவினன், செருப்பைக் கழற்றிக் கொடுத்தல் எல்லாம் ஆண்கள் மத்தியில் நடக்கிறது. ரூத் அங்கே இல்லை. அந்த அதிகாரத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தன்மையில் கதை சொல்கிறவர்கள் அவளை மாடியில் ஏற்றி எட்டிப் பார்க்க வைக்கிறார்கள், மூலைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். காரியம் முடிகிற வரைக்கும் பொறுத்திரு என்று நகோமி சொல்லியிருக்கிறாளே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவளை வீட்டில் அரைக்க விடுங்கள். செய்தி, தண்ணீருக்குப் போய்வரும் பெண்கள் வாயால் துண்டு துண்டாக, முன்பின் மாறி வரட்டும். முதலில் செருப்பு, பிறகு நிலம், கடைசியில் அவள் பெயர். அந்த உறவினன் ஏன் பின்வாங்கினான் என்று அவளுக்குத் தெரியவே வேண்டாம். பிள்ளைக்கு ஓபேத் என்று பெயர் வைத்தது அயல்வீட்டுப் பெண்கள்தான் என்று புத்தகமே சொல்வதால், அவர்களை முன்கூட்டியே இரண்டு மூன்று காட்சிகளில் நடமாடவிட்டு வையுங்கள். கடைசி அதிகாரத்தில் திடீரென்று வந்து நின்றால் ஒட்டாது.

பெயர்களை எழுதும்போது, வாசிக்கப்போகும் சபை எந்த மொழிபெயர்ப்பை வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. வீடுகளில் ரூத், போவாஸ். கத்தோலிக்க வீடுகளில் ரூத்து, போவாசு. எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம்வரை ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.